புதிய பதிப்பு என்றொரு ஓட்டுநர்

மாடியில் சின்னவள் சிரிக்கும் சத்தம் கேட்டால் போதும், கீழே அடுப்படியில் பெரியவளின் கை ஒரு கணம் நின்றுவிடும். போட்ட உப்பு மறந்துபோய் இன்னொரு முறை விழும். சாப்பாடு கரித்தால் அவளுடைய கணவர் காரணம் கேட்பதில்லை. மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொள்வார்.

மூத்தவனைக் கட்டியவள் பெரியவள். இளையவனைக் கட்டியவள் சின்னவள். ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தால் உரசல் வருவது உலக வழக்கம்தான். ஆனால் இவர்கள் வேலை பார்ப்பதும் ஒரே அலுவலகத்தில், ஒரே அறையில், அடுத்தடுத்த மேசைகளில். அங்கேயும் அவர்களுக்குப் பெரிய மேடம், சின்ன மேடம் என்றே பெயர் விழுந்துவிட்டது. கணினிப் பிரிவு மேலாளர் விளையாட்டாகத் தொடங்கிவைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

சின்னவளை அந்த வேலைக்குக் கொண்டுவந்ததே பெரியவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் மாடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து மனம் கசிந்து, மேலாளரிடம் தானே போய்ச் சொன்னாள். "கெட்டிக்காரப் பொண்ணு சார், ஒருநாள் வரச்சொல்லிப் பாருங்க." பிறகு எத்தனையோ மாலைகளில், பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது, அந்த ஒரு வாக்கியத்தை நினைத்துத் தன் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அது நகரப் பேருந்துகளின் தலைமை அலுவலகம். அவர்கள் அறையின் ஜன்னலைத் திறந்தால் கீழே பணிமனை முற்றம். வண்டிகளைக் கழுவும் தண்ணீர்ச் சத்தமும் டீசல் வாசனையும் நாள் முழுக்க மேலே ஏறி வரும். பெரியவள் அங்கே தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாள். நாளைக்கு எந்த ஓட்டுநருக்கு எந்தப் பேருந்து என்று தினமும் தட்டித் தட்டி விரல் மரத்துப்போன ஒரு நாளில், இதை இந்த இயந்திரமே செய்தால் என்ன என்று தோன்றியது. சாப்பாட்டு இடைவேளைகளில் தானாகவே கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். வகுப்பில்லை, வாத்தியாரில்லை. அப்படிப் பிறந்ததுதான் 'ஆள்'.

'ஆள்' என்பது நிரலின் பெயர். அதில் பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் அந்தச் சொல்லைத் தட்டி எண்டர் அழுத்தினால், அன்றைக்கு வேலைக்கு வரும் ஓட்டுநர்களின் பெயர்கள் வரிசையாக ஓடும். சின்னவள் வந்த பிறகு அவள் பங்குக்கு 'வண்டி' என்று ஒன்றை எழுதினாள். அது பேருந்து எண்ணையும் தடத்தையும் அதே வரிசையில் கொடுக்கும். விடிவதற்குள் ஒவ்வொரு பணிமனையிலும் இயந்திரம் தானாகவே இரண்டையும் ஓட்டி, வண்டிக்குப் பக்கத்தில் ஆளை வைத்து, முதல் வரிக்கு முதல் வரி, இரண்டாம் வரிக்கு இரண்டாம் வரி என்று சேர்த்துத் தாளில் அடித்துவிடும். யாராவது விடுப்பு எடுத்தாலோ வண்டி பழுதானாலோ, பணிமனையின் நேரக் காப்பாளர் பகலில் திரையின் முன் உட்கார்ந்து, கையால் தட்டி மறுபடி ஓட்டித் திருத்துவார்.

ஒரு தாளில் இரண்டு பட்டியலும் தோளோடு தோள் உரசி நின்றன, எழுதியவர்களைப் போலவே.

இந்தக் கறுப்புத் திரை நிரல்களில் தீராத தலைவலி ஒன்று உண்டு. இங்கே உட்கார்ந்து பிழைகளைத் திருத்திப் புதிய பதிப்பு போட்டுவிடலாம். ஆனால் ஊரின் நாலு மூலையில் இருக்கும் பணிமனைகளில் அதை யாராவது மாற்றிக்கொள்ள வேண்டுமே. மணி அடித்துச் சொல்ல வழியில்லை. நிரலே தலைமை அலுவலகத்து இயந்திரத்திடம் "புதுசு ஏதாவது உண்டா" என்று கேட்டு, உண்டென்றால் தன் வாயால் ஒரு வரி சொல்ல வேண்டும்.

'ஆள்' சொல்லிக்கொண்டுதான் இருந்தது. முதல் வரியிலேயே, ஒவ்வொரு முறையும் சொன்னது: "புதிய பதிப்பு வந்துவிட்டது. மாற்றவும்." அதற்குப் பிறகு பெயர்கள் கடகடவென்று ஓடும். பட்டியல் முடியும்போது அந்த வரி திரையின் உச்சியைத் தாண்டி எங்கோ போயிருக்கும். எவர் கண்ணிலும் படாது.

'வண்டி' அப்படிச் செய்யவில்லை. தன் வேலையை முழுக்க முடித்துவிட்டு, ஒரு வரி இடம் விட்டு, அடுத்த கட்டளையைத் தட்டப்போகும் இடத்துக்கு நேர் மேலே மெதுவாகச் சொன்னது: "புதிய பதிப்பு தயார். பழுதான வண்டிகள் இனிப் பட்டியலில் வராது. மாற்ற, 'வண்டி புதுப்பி' என்று தட்டுங்கள்." அதுவும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை. சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லி யாரையும் அரிக்காது.

சின்னவள் காலையில் பதிப்பு போட்டால், மாலைக்குள் எல்லாப் பணிமனையும் மாறியிருக்கும். பெரியவள் பதிப்பு போட்டால், அது கல்யாணத்துக்கு வராத உறவினருக்கு வைத்த இலை மாதிரி அப்படியே கிடக்கும்.

"என்னக்கா, தெற்குப் பணிமனையில இன்னும் போன வருஷத்து ஆள்தான் ஓடுதாம்?" என்று சின்னவள் ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உனக்கென்ன, உன் வண்டி ஓடுதில்ல? அதைப் பாரு."

வீட்டில் கணவரிடம் இதைச் சொல்லிப் புலம்பியது பெரிய தப்பாகப் போயிற்று. அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். எதையும் திறந்து உள்ளே பார்க்காமல் பேசமாட்டார்.

"அவ கடைசியில சொல்றா, நீ முதல்ல சொல்ற. நீயும் கீழ போட்டுட்டா என்ன?"

"அவளைப் பாத்து நான் காப்பி அடிக்கணுமா?"

"காப்பி என்ன இதுல. வேலை நடுவுல பேசினா யார் காதுல விழும்? முடிஞ்சதும் சொன்னா விழும். அந்தப் பொண்ணுக்கு அது தெரிஞ்சிருக்கு."

அந்தப் பொண்ணுக்கு அது தெரிஞ்சிருக்கு. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதர் வாயிலிருந்து இதைக் கேட்கவா அவள் இத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்? பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. மாடியில் சரியாக அந்த நேரம் பார்த்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

எரிகிற நெஞ்சில் எண்ணெய் ஊற்றியவர் மேலாளர். ஒரு திங்கட்கிழமை இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ரெண்டு நிரல் எதுக்கு? அடுத்த மாசத்துல இருந்து ஒண்ணா சேத்துடலாம். யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும், இன்னொருத்தர் கூட இருந்து உதவணும்."

"யாருன்னு எப்படி சார் முடிவு பண்ணுவீங்க?" பெரியவளின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

"சுலபம்தான் மேடம். ரெண்டு பேரும் இந்த வாரம் ஒரு புதுப் பதிப்பு போடுங்க. யார் சொன்னா பணிமனைக்காரங்க கேக்குறாங்கன்னு பாப்போம். சொல்லி என்ன, கேக்கணும்ல."

கூட இருந்து உதவுவதாம். தான் பெற்ற பிள்ளையைத் தூக்கி ஓரகத்தி மடியில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று விசிற வேண்டுமாம். அன்று முழுக்கப் பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவள் தன் டப்பாவைத் திறந்து, "ஒரு வாய் எடுத்துக்குங்கக்கா" என்று நீட்டினாள். அந்த இனிமைதான் இவளை இன்னும் கொன்றது.

இருவரும் பதிப்பு போட்டார்கள். வழக்கம்போல அன்று மாலைக்குள் 'வண்டி' ஊர் முழுக்க மாறிவிட்டது. 'ஆள்' ஒரே ஒரு பணிமனையில் மாறியிருந்தது. அதுவும் அங்கிருந்த நேரக் காப்பாளர் அவளுக்குத் தூரத்துச் சித்தப்பா என்பதால்.

கணவர் சொன்னபடி அறிவிப்பைக் கீழே போடலாமென்றால், அதற்கு அவர்கள் முதலில் புதிய பதிப்புக்கு மாற வேண்டும். மாறச் சொல்லும் வரியோ யார் கண்ணிலும் படுவதில்லை. செவிடன் வீட்டு வாசலில் நின்று, "காது மெஷின் கொண்டு வந்திருக்கேன், கதவைத் திறங்க" என்று கத்துவதுபோல ஆயிற்று அவள் நிலைமை.

அப்போதுதான் 'அவசரம்' ஞாபகத்துக்கு வந்தது.

'ஆள்' பிறந்த காலத்தில் பெரியவள் ஒரு வசதி செய்து வைத்திருந்தாள். நிரலுக்கு இரண்டு வாய் உண்டு. வேலையின் பலன் ஒரு வாய் வழியாக வரும், அது தாளுக்கும் போகலாம், வேறு நிரலுக்கும் போகலாம். அறிவிப்பு, புலம்பல் எல்லாம் இன்னொரு வாய் வழியாக வரும், அது திரையோடு சரி, தாளுக்குப் போகாது. ஆனால் ஆபத்தான பிழை ஏதும் கண்டுபிடிக்கப்பட்டால்? அதற்காகத் தலைமை இயந்திரத்தில் 'அவசரம்' என்று ஒரு குறி. அதை வைத்துவிட்டால், எத்தனை பழைய பதிப்பாக இருந்தாலும் 'ஆள்' அந்த அறிவிப்பை வேலை வாய் வழியாகவே, முதல் வரியாக, தாளிலேயே அடித்துவிடும். இத்தனை வருடத்தில் அதை அவள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அப்படி ஒரு ஆபத்து வரவே இல்லை.

இப்போது வந்திருக்கிற ஆபத்து பக்கத்து மேசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தது.

அலுவலகம் முடிந்து எல்லோரும் பையை எடுக்கும் நேரத்தில், "நீ போ, நான் பின்னால வரேன்" என்று சின்னவளை அனுப்பிவிட்டு, பெரியவள் அந்தக் குறியை வைத்தாள். வரியையும் திருத்தினாள்: "புதிய பதிப்பு வந்துவிட்டது. உடனே மாற்றவும்." திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள். ஆனாலும் நாளைக் காலையில் எல்லாப் பணிமனைச் சுவரிலும் தன் வரி தலைப்பாக நிற்கும் என்று நினைக்கையில் உள்ளுக்குள் ஓர் இனிப்பு ஊறியது. அன்று வீட்டில் உப்பு சரியாக இருந்தது. கணவர் சந்தேகத்தோடு அவளை இரண்டு முறை பார்த்தார்.

அவள் மறந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வசதியைச் செய்தபோது 'வண்டி' பிறக்கவில்லை. 'ஆள்' தனியாகத் தாளில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தலைப்பில் ஒரு வரி கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது பக்கத்தில் இன்னொருத்தி தோளுரசி நிற்கிறாள். இவள் ஒரு படி இறங்கினால், அவள் பக்கத்தில் எல்லாமே ஒரு படி தப்பும்.

மறுநாள் காலை பேருந்தே வராமல், இருவரும் ஆட்டோ பிடித்து அலுவலக வாசலில் இறங்கியபோது முற்றம் சந்தைக்கடையாக இருந்தது. ஒரு வண்டியும் வெளியே போகவில்லை. ஓட்டுநர்கள் பட்டியல் ஒட்டிய சுவரைச் சுற்றி மொய்த்திருந்தார்கள். பாலத்துத் தடத்தில் போகும் முதல் வண்டிக்கு எதிரே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "புதிய பதிப்பு வந்துவிட்டது. உடனே மாற்றவும்." என்று அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொருவரும் அடுத்தவர் வண்டிக்கு நகர்ந்திருந்தார்கள்.

"யாருப்பா இந்தப் புதிய பதிப்பு? புதுசா சேந்த ஆளா?" என்று நெட்டை என்கிற ஓட்டுநர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துவிட்டதுன்னு போட்டிருக்கே. எங்க, காணோம்?"

"வந்தவரை உடனே மாத்தவும்னு வேற போட்டிருக்கு. வந்த அன்னைக்கே மாத்தலாகிப் போற அளவுக்கு என்ன தப்பு பண்ணாரோ பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டியலின் கடைசியில் இருந்த பருத்த ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெயருக்கு எதிரே வண்டியே இல்லை. "அப்ப நான் நடந்து போகட்டுமாய்யா? தடம் மட்டும் சொல்லுங்க, அந்த வழியாவே போறேன்" என்றார். மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவருக்குச் சந்தைத் தெரு. சந்தைத் தெருக்காரருக்கு மலை. அவர் சாவியை வாங்கவே மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மற்ற பணிமனைகளிலிருந்தும் இதே கதை தொலைபேசியில் வந்தபடி இருந்தது.

பெரியவள் அங்கே நிற்கவில்லை. ஓடிப்போய் 'அவசரம்' குறியை எடுத்தாள். பதற்றத்தில் கட்டளை இரண்டு முறை தப்பாய்ப் போயிற்று. மறுபடி ஓட்டச் சொல்லி எல்லாப் பணிமனைக்கும் தொலைபேசி போயிற்று. சரியான தாள் வந்து, வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு வெளியேறின. நிறுத்தங்களில் காத்து நின்ற ஜனங்களின் சாபமெல்லாம் தன் தலையில்தான் இறங்குகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

மேலாளர் இருவரையும் அழைத்தார். கையில் கசங்கிய பட்டியல்.

"வண்டி வரிசை ஒண்ணு ஒண்ணு தள்ளிப் போயிருக்கு. வண்டி யாரோடது?" என்று கேட்டுக்கொண்டே சின்னவளைப் பார்த்தார்.

சின்னவள் தாளை வாங்கினாள். முதல் வரியில் அவள் கண் நின்றது. ஒரு கணம்தான். பிறகு நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.  இதோ சொல்லப் போகிறாள், இத்தனை நாள் பதுங்கியதெல்லாம் இதற்குத்தான் என்று பெரியவள் காத்திருந்தாள்.

"ரெண்டையும் சேக்குற இடம் நான் எழுதினது சார்," என்றாள் சின்னவள். "ஒரு பக்கம் வரி கூட வந்தா அங்கேயே நிறுத்தியிருக்கணும். நான் பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

மேலாளரின் முகம் இறுகியது. "உங்ககிட்ட இதை எதிர்பாக்கல சின்ன மேடம். பொறுப்பை உங்ககிட்ட தரலாம்னு இருந்தேன். இப்போ யோசிக்கணும்."

பேசாமல் இருந்தால் போதும். 'ஆள்' அவளுக்கே. பெரியவள் கேட்டதெல்லாம் தட்டில் வைத்து முன்னால் நீட்டப்பட்டிருந்தது. கை நீட்டக்கூட வேண்டாம், வாயை மூடியிருந்தால் போதும்.

ஆனால் அவளுக்குள் கபகபவென்று ஒன்று எழும்பியது. நன்றி என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குப் பெரியவளைத் தெரியாது. எழும்பியது அதே பழைய பொறாமைதான். அறிவிப்பிலும் இவள்தான் முதல், அலுவலகத்திலும் இவள்தான் முதல், வீட்டில் என் புருஷன் வாயிலும் இவள்தான் முதல். இப்போது பெருந்தன்மையிலுமா? இவள் பழியைத் தாங்கிக்கொண்டு தெய்வமாக நிற்பாளாம், நான் காலமெல்லாம் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கீழ்த்தளத்தில் குடியிருக்க வேண்டுமாம்.

"பொய் சொல்றா சார்," என்றாள் பெரியவள். "அந்த வரி என்னோடது. அவசரம்னு குறி வெச்சது நான். ஆபத்துக்கு வெச்சிருந்ததை ஒண்ணுமில்லாத பதிப்புக்குப் போட்டேன்."

"ஏன் மேடம்?"

"அவ சொன்னா கேக்குறாங்க, நான் சொன்னா கேக்கல. அதுக்குத்தான்."

 கீழே எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் ஓடியது. சின்னவளின் கண்கள் தளும்பின. "ஏன்க்கா சொன்னீங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"உன் தயவு எனக்கு வேண்டாம். போய் வேலையைப் பாரு."

பொறுப்பு சின்னவளுக்குப் போயிற்று. 'ஆளும் வண்டியும்' என்று ஒரே நிரல். பெரியவள் கூட இருந்து உதவ வேண்டியவள். அன்று வீட்டில் அவளே எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த கடிகாரத்தை மூடி வைத்தார்.  "உப்பு நான் போடுறேன், நீ உக்காரு" என்றார். அதற்குத்தான் அவள் அழுதாள்.

நாட்கள் போயின. ஒரு காலை பெரியவள் வேலையை முடித்தபோது, திரையின் அடியில், ஒரு வரி இடம் விட்டு, அந்த அடக்கமான குரல் வந்தது: "புதிய பதிப்பு தயார். ஒரு வரி கூடினாலும் பட்டியல் இனித் தள்ளிப் போகாது. மாற்ற, 'புதுப்பி' என்று தட்டுங்கள்."

பெரியவள் மாற்றவில்லை. மறுநாளும் வந்தது, ஒரே ஒரு முறை. அதன் மறுநாளும் வந்தது. அவள் அதைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டே பழையதையே ஓட்டினாள். தன்னை யாரும் கேட்காதபோது எப்படி இருந்தது என்று அவளுக்கும் கொஞ்சம் தெரியட்டுமே.

"எல்லாரும் மாத்திட்டாங்க," என்றாள் சின்னவள், பக்கத்து மேசையிலிருந்து யாருக்கோ சொல்வதுபோல. "ஒரே ஒரு மெஷின்தான் பாக்கி."

"யாரோடதாம்?"

"தெரியலக்கா. யாரோ பிடிவாதக்காரங்க."

"வேலை அதிகமா இருக்கும் அவங்களுக்கு."

"இருக்கும்."

அந்த வார விடுமுறை நாளில், நிரலை ஏற்றி வைத்திருந்த வீட்டுக் கணினியின் முன்னால் பெரியவள் உட்கார்ந்தாள். உள்ளே அப்படி என்னதான் செய்து வைத்திருக்கிறாள் என்று பார்க்காமல் இனி ஒரு நாள்கூடத் தாங்காது என்று தோன்றியது. 'புதுப்பி' என்று தட்டினாள். சட்டென்று மாறியது. ஓட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. வயிறு எரியும்படி நன்றாக இருந்தது. வேண்டுமென்றே முதலில் ஒரு வரியைக் கூட்டினாள். நிரல் உடனே நின்று, இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று சொன்னது. உதட்டைக் கடித்தாள். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டினாள்.

நிரல் அசையாமல் நின்றது. இந்தப் பதிப்பில் அது பட்டியலுக்கு முன்பே, புதிய பதிப்பு உண்டா என்று தலைமை இயந்திரத்தைக் கேட்டுவிட்டு, வராத பதிலுக்காக வாயைப் பிளந்து காத்துக்கொண்டே இருந்தது. விடிகாலையில் இணைப்பு அறுந்துபோகும் மலையடிவாரப் பணிமனையில் இது ஓடினால், பட்டியல் வர வெயில் ஏறிவிடும். 'ஆள்' ஒருநாளும் இப்படி நின்றதில்லை. பதில் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விடும் அது.

பெரியவளின் முகத்தில் பல மாதங்களாகக் காணாத ஒரு வெளிச்சம் பரவியது. எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் வெளிப்புற இரும்புப் படிகளில் தடதடவென்று ஏறினாள்.

"எங்க போற?" என்றார் கணவர்.

"அவ நிரல் தப்பு."

மாடிக் கதவு திறந்துதான் இருந்தது. சின்னவள் மேசையிலிருந்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள்.

"மாத்திட்டீங்களாக்கா?"

"மாத்தினேன். நெட் இல்லாத இடத்துல பாவம் மாதிரி நிக்குது உன் வண்டி. நீ பாத்தியா?"

சின்னவளின் முகம் ஒரு கணம் வாடியது. அதைப் பார்க்கப் பெரியவளுக்கு எத்தனை நிம்மதி. பிறகு அந்தப் பெண் விசைப்பலகையை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களோடது நிக்காதுக்கா. எப்படிப் பண்ணினீங்க அதை?"

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "காப்பி அடிக்கப் போறியா?"

"ஆமா."

"அடி," என்றாள் பெரியவள், விசைப்பலகையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு. "தள்ளி உக்காரு. எல்லாத்தையும் நானே காட்டணும் உனக்கு."

கீழே கடிகாரக்காரர் தலையைத் தூக்கிக் கேட்டார். மாடியில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை அது யார் என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.